கம்பி உயர்ந்தது, வழி தாழ்ந்தது

சென்ற மாதம் எங்கள் பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில், நாட்டின் உள்கட்டமைப்பு வளர்ச்சி குறித்த அமர்வில், ஒரு காணொளியைக் காட்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குக் கன்டெய்னர்களைச் சுமந்தபடி மின்சார எஞ்சின் இழுத்துச் செல்லும் சரக்கு ரயில். 2021 ஜனவரி 7 அன்று ஹரியானாவின் நியூ அடேலியிலிருந்து ராஜஸ்தானின் நியூ கிஷன்கட் நோக்கிப் பிரதமர் கொடியசைத்து அனுப்பிவைத்த, ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள வண்டி அது. அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன், அதை மறைக்க விரும்பவில்லை. கேள்வி நேரத்தில் எழுந்து, அந்தப் பாதையின் அடியில் ஊர்மக்களுக்காகக் கட்டப்பட்ட சுரங்கவழிகள் ஆண்டில் எத்தனை நாள் நீரில் மூழ்கிக் கிடக்கின்றன என்ற கணக்கு எவரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். அமர்வுக்குத் தலைமை வகித்த பேராசிரியர் புன்னகையுடன், "நீங்கள் மொழியியல்காரர் அல்லவா?" என்றார். அரங்கம் சிரித்தது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அந்தச் சிரிப்புக்கு எழுதும் விடை இது. நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் கம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் அந்தக் கம்பியின் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. இந்திய ரயில்வேயின் மின்மயப் பாதைகளில், எஞ்சினுக்கு மின்சாரம் தரும் மேல்நிலைக் கம்பி வழக்கமாகத் தண்டவாளத்திலிருந்து ஐந்தரை மீட்டர் முதல் ஆறு மீட்டருக்குள் அமையும். இரட்டை அடுக்குக் கன்டெய்னர் வண்டி ஏழு மீட்டர் உயரத்தை எட்டுவது. மேலே கம்பி இல்லாத தடங்களில் டீசல் எஞ்சின்கள் அத்தகைய வண்டிகளை முன்பே இழுத்துச் சென்றன. மின்மயமான தடத்தில் அவை கம்பியில் இடித்துவிடும். ஆகவே உத்தரப்பிரதேசத்தின் தாத்ரியிலிருந்து மும்பைக்கு அருகிலுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை சுமார் 1,506 கிலோமீட்டர் நீளும் மேற்குப் பிரத்தியேகச் சரக்கு வழித்தடத்தில் கம்பியையே ஏறக்குறைய 7.5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கினார்கள். ஏழரை என்றதும் நம் ஊரில் சனிபகவான்தான் நினைவுக்கு வருவார். இங்கே அது வணிகத்தின் நல்லூழ். எஞ்சினின் தலைமேல் இருந்து கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பான்டோகிராஃபை அதற்கேற்ப நீட்டினார்கள். கம்பங்கள் உயர்ந்தன. குறுக்கே சென்ற சாலை மேம்பாலங்களும் அந்த உயரத்துக்கு இடம்விட வேண்டியிருந்தது. உலகில் வேறெங்கும் இந்த உயரத்தில் மின்சார ரயில் ஓடியதில்லை என்று ரயில்வே பெருமை கொள்கிறது. அந்தப் பெருமையில் பிழையில்லை.

இன்னொரு வேலையும் நடந்தது. அதைக் காணொளிகள் காட்டுவதில்லை. புதிய பாதையின் குறுக்கே ஏற்கெனவே எத்தனையோ மின்கம்பிகள் சென்றுகொண்டிருந்தன: வயலின் மோட்டாருக்குப் போகும் கம்பி, ஊருக்குப் போகும் கம்பி, மாநில மின்தொகுப்பின் பெருங்கோபுரக் கம்பி. ஒவ்வொன்றையும் அளந்தாக வேண்டும். இரட்டை அடுக்கு வண்டிக்கும் அதன் மேலுள்ள 25,000 வோல்ட் கம்பிக்கும் மேலாகப் போதிய இடைவெளி கிடைக்கவில்லையெனில் கோபுரத்தை உயர்த்தவேண்டும். தாழ்வான கம்பியானால் அதைக் கேபிளாக்கி, குழாய்க்குள் செலுத்தி, பாதைக்கு அடியில் புதைக்கவேண்டும். இதற்கு மின்வாரியங்களுடன் கடிதப் போக்குவரத்து, மதிப்பீடு, மின்தடைக்கு நாள் குறித்தல், ஆய்வு, ஒப்புதல் என்று ஒரு முழு நடைமுறையே உண்டு. ஒரு கம்பி எந்தக் கம்பத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் இடையே, எவ்வளவு தொய்வுடன், எந்தக் கோணத்தில் பாதையைக் கடக்கிறது என்பது வரைபடத்தில் இல்லாமல் ஒப்புதல் கிடைக்காது. கோடையில் கம்பி சூடேறித் தொய்யும்போதும் இடைவெளி குறையலாகாது என்பதால், கம்பி எவ்வளவு தாழக்கூடும் என்று கணக்கிட்டு அந்த நிலையை வைத்தே அளக்கிறார்கள். மிக மோசமான நாளை அளவுகோலாகக் கொள்வது! பொறியியலின் இந்த ஒழுக்கம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. நான் கேட்பதெல்லாம் இதே ஒழுக்கம் கம்பிக்குக் கீழே நடப்பவருக்கும் கிடைத்ததா என்பதே.

இங்கேதான் மொழியியல்காரருக்கு வேலை வருகிறது.

உயர்த்தப்பட்ட அந்தக் கம்பியமைப்புக்கு ரயில்வேயின் ஆவணப்பெயர் 'ஹை ரைஸ் ஓ.எச்.இ.', அதாவது உயர்ந்தெழுந்த மேல்நிலைக் கம்பி. மூடப்பட்ட ரயில்வே கேட்டுகளுக்குப் பதிலாக ஊர்மக்களுக்கு வழங்கப்பட்ட சுரங்கவழிக்கு அதே ரயில்வேயின் ஆவணப்பெயர் 'லிமிடெட் ஹைட் சப்வே', சுருக்கமாக எல்.எச்.எஸ். தமிழில் சொன்னால் வரையறுக்கப்பட்ட உயரச் சுரங்கவழி. ஒரே துறை, ஒரே பாதை. மேலே செல்வதற்கு வைத்த பெயரில் உயரம் எழுகிறது. கீழே செல்வதற்கு வைத்த பெயரிலேயே உயரம் வரையறுக்கப்படுகிறது. நான் இட்டுக்கட்டியதன்று இந்த முரண்தொடை, அரசின் கோப்புகளில் இருப்பது. வரையறுத்தவர் யார்? 'வரையறுக்கப்பட்ட' என்ற செயப்பாட்டு வினையில் எழுவாய் இல்லை. உயரம் தானாகவே குறைந்துபோனது போலவும், இயற்கை அப்படித்தான் படைத்தது போலவும் அச்சொல் நிற்கிறது.

லெவல் கிராசிங்குக்கு ரயில்வேயின் அலுவல் இந்தியில் 'சமபார்' என்று பெயர். சமமான தளத்தில் அக்கரை சேர்தல். சாலையும் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் சந்திப்பதைக் குறிக்கும் தொழில்நுட்பச் சொல்தான். அதற்குள் சமத்துவத்தைத் தேடுவது சொற்பிறப்பியலை வைத்துச் செய்யும் மேடைப்பேச்சாகிவிடும் என்பதை அறிவேன். ஆயினும் 'சமபார் ஒழிப்பு' என்று திட்டப் பலகைகளில் படிக்கும்போது எனக்கு ஒரு கணம் நெருடத்தான் செய்கிறது. மக்கள் நாவில் அது வெறும் 'பாட்டக்'. நம் ஊரில் 'கேட்'. புதிதாக வந்த சுரங்கவழியை நான் களப்பணி செய்யும் பகுதியில் பலர் 'புலியா' என்கிறார்கள். தமிழ்க் காதுக்குப் புளி போல ஒலிக்கும் அச்சொல்லின் பொருள், ஓடைநீர் போவதற்கான சிறுபாலம். மனிதர் போவதற்கென்று அரசு கட்டியதை நீர் போவதற்கான சொல்லால் அழைக்கிறார்கள் அவர்கள். பெயரிடுவதில் மக்கள் தவறுவதில்லை.

என் களம் தென் ஹரியானாவின் அஹீர்வாட்டி வட்டார வழக்கு: ரேவாடி, நார்னௌல் பக்கங்கள். ஊர்ப்பெயரைச் சொல்லப்போவதில்லை, காரணம் முடிவில் விளங்கும். ஊர் பாதைக்கு ஒருபுறம், நிலங்களில் பாதி மறுபுறம். கம்பும் கடுகும் விளையும் மணற்பாங்கான பூமி. பழைய ரயில்பாதையை ஒட்டியே புதிய சரக்குத் தடமும் வந்தது. முன்பிருந்த கேட் மூடப்பட்டது. சிறிது தூரம் தள்ளிச் சுரங்கவழி கட்டப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில் நான் போனபோது அதில் இடுப்பளவு நீர். நாலு நாளாய் நிற்பதாகச் சொன்னார்கள். நீரின் விளிம்பில் ஓர் ஒட்டகவண்டி திரும்பிக்கொண்டிருந்தது. ஒட்டகம் நீரில் இறங்க மறுத்துவிட்டதாம். கோடையில் நீர் இல்லாத நாளிலும் வைக்கோல்பொடி ஏற்றிய டிராலிகள் உள்ளே நுழைய முடியாது, சுமை மேற்கூரையில் இடிக்கும். அதற்காகவே முகப்பில் இரும்புக் குறுக்குக்கம்பி போட்டு உயரத்தை எழுதிவைத்திருக்கிறார்கள்.

எனக்குக் கதைகள் சொல்லும் மூதாட்டி ஒருவர், அவரைத் 'தாயி' என்றே அழைப்பேன். அங்கே தந்தையின் அண்ணன் மனைவியை அழைக்கும் உறவுச்சொல் அது. தமிழ் நாவுக்கு இதைவிட எளிதான சொல் வேறு வாய்க்காது. அன்று மாலை தலையில் தீவனக் கட்டுடன் மண்சரிவில் ஏறி, பழைய பாதையையும் புதிய பாதையையும் கடந்து மறுபுறம் வந்தார். வேலியில் ஓரிடத்தில் கம்பி விலக்கப்பட்டிருந்தது. எல்லோரும் பயன்படுத்தும் வழி என்பது மிதிபட்ட மண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. என் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்ததால் அவர் சொன்னது என்னிடம் இருக்கிறது. பொருள் இதுதான்: முன்பு கேட் வழியாகப் போனோம், இப்போது திருட்டுத்தனமாகப் போகிறோம்.

அவர் தலைச்சுமைக்கும் மேலே இருந்த மின்கம்பிக்கும் இடையே ஐந்து மீட்டர் இருக்கும். அந்த இடைவெளியைக் கணக்கிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர் காலுக்கும், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை செல்லக்கூடிய சரக்கு வண்டிக்கும் இடையிலான இடைவெளி யார் கணக்கில் இருக்கிறது?

'திருட்டுத்தனம்' என்று அவர் சொன்னது உணர்ச்சிவயப்பட்ட மிகையன்று, சட்டத்தின் துல்லியமான மொழிபெயர்ப்பு. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி, உரிமையின்றி ரயில்வே நிலத்தில் நுழைவது ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கோ ஆயிரம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரிய குற்றம். கேட் இருந்த நாளில் அதே பெண், அதே சுமையுடன், அதே தண்டவாளத்தை அதே இடத்தில் கடந்தபோது அவர் வழிப்போக்கர். கேட் மூடப்பட்ட மறுநாள் அத்துமீறியவர். அவர் நடை மாறவில்லை. ஒரு அறிவிப்பு மாறியது. "இக்கடவு இதன்மூலம் மூடப்படுகிறது" என்ற ஒற்றை வாக்கியம். சொல்வதே செய்வதாகும் வாக்கியங்களைப் பற்றி ஜே. எல். ஆஸ்டினை வைத்து ஆண்டுதோறும் முதுகலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறோம். திருமண மேடையையும் கப்பலுக்குப் பெயரிடுவதையும் எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சலித்துவிட்டோம். ஒரு வாக்கியம் ஒரு முழு ஊரையே குற்றவாளிகளாக ஆக்கும் எடுத்துக்காட்டு நம் பாடத்திட்டத்தில் ஏன் இல்லை?

இந்தச் சொல்மாற்றத்தின் விலை பெரிது. அனில் ககோட்கர் தலைமையிலான ரயில்வே பாதுகாப்பு மறுஆய்வுக் குழு 2012 பிப்ரவரியில் அளித்த அறிக்கை, தண்டவாளத்தைக் கடப்போர் ஆண்டுக்குச் சுமார் 15,000 பேர் இறப்பதாகக் கூறியது. அவர்களில் ஏறக்குறைய 6,000 பேர் மும்பைப் புறநகர்த் தடங்களில் மட்டும் இறந்தவர்கள். ரயில்வேயின் விபத்துக் கணக்கில் இவர்கள் இல்லை. தடம்புரண்டால் விபத்து, மோதினால் விபத்து, தீப்பிடித்தால் விபத்து. தண்டவாளத்தைக் கடக்கையில் மனிதர் இறந்தால் 'அத்துமீறல்'. ஆண்டுதோறும் ரயில் விபத்துகள் குறைந்துவருகின்றன என்று அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் கூறுவது பொய்யன்று. அகராதி அப்படி அமைந்திருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இல்லையெனில் பின்னூட்டத்தில் முதல் ஆளாக வந்து எவரேனும் கேட்பார். நான் பழைய கேட்டுகளின் காதலன் அல்லன். ஆளில்லாக் கேட்டுகள் கொலைக்களங்களாக இருந்தன. 2014 ஜூலையில் மேதக் மாவட்டம் மாசாய்ப்பேட்டையிலும், 2018 ஏப்ரலில் உத்தரப்பிரதேசத்தின் குஷிநகரிலும் பள்ளி வாகனங்கள் ரயிலில் சிக்கிச் சிதைந்தன. குஷிநகரில் மட்டும் 13 குழந்தைகள். அங்கே 'கேட் மித்ரா' என்ற பெயரில் ஒருவர் நிறுத்தப்பட்டிருந்தார். வண்டியை நிறுத்த அவர் முயன்றார் என்றே செய்திகள் கூறின. கேட் இல்லை, கேட்டின் நண்பர் மட்டும் இருந்தார். இறுதியில் ஓட்டுநர் காதில் மாட்டியிருந்ததாகச் சொல்லப்பட்ட இயர்போனே அவ்விபத்தின் பெயராகிவிட்டது. 2019 ஜனவரி இறுதிக்குள் அகலப்பாதையில் ஆளில்லாக் கேட்டுகள் முழுமையாக அகற்றப்பட்டன. அதை வரவேற்கிறேன், மனமார வரவேற்கிறேன். ஆளுள்ள கேட்டும் பாதுகாப்பன்று என்பதைக் கடலூருக்கு அருகிலுள்ள செம்மங்குப்பம் 2025 ஜூலை 8 அன்று நமக்குக் காட்டியது: பள்ளி வேனில் சென்ற மூன்று மாணவர்கள் இறந்தனர். அந்தக் கேட் சிக்னலுடன் இணைக்கப்படவில்லை. கேட் திறந்திருந்தால் சிக்னல் சிவப்பிலேயே நிற்கும் ஏற்பாடு அங்கே இல்லை. ககோட்கர் குழுவே ஆளுள்ளவை, ஆளில்லாதவை என்ற வேறுபாடின்றி எல்லாக் கேட்டுகளையும் ஐந்தாண்டுகளில், சுமார் 50,000 கோடி ரூபாய்ச் செலவில், ஒழிக்கவேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது.

எனவே என் சண்டை ஒழிப்போடு அன்று. ஒழித்த இடத்தில் எதை வைத்தார்கள், யாரை எண்ணிப்பார்த்து வைத்தார்கள் என்பதோடு.

எண்ணிப்பார்த்தல் என்று நான் சொல்வது உருவகமன்று. ஒரு கேட்டில் எவ்வளவு போக்குவரத்து இருக்கிறது என்பதை ரயில்வே டி.வி.யு. என்ற அலகால் அளக்கிறது. ஒரு நாளில் செல்லும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளின் எண்ணிக்கையால் பெருக்கவேண்டும். மோட்டார் வாகனம் ஓர் அலகு. மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் ஓர் அலகு. சைக்கிள் ரிக்‌ஷாவும் ஆட்டோவும் அரை அலகு. நடப்பவர்? அந்த வரையறையில் அவர் பெயர் இல்லை. பூஜ்யம் என்று கூட எழுதப்படவில்லை. பூஜ்யமாக இருப்பதற்கும் பட்டியலில் இடம் வேண்டுமே. மாட்டுவண்டி ஓட்டிச் செல்பவர் ஒன்று. மாடு விற்றுவிட்டு அதே சுமையைத் தன் தலையில் வைத்துச் செல்பவர் கணக்கில் இல்லை. ஒரு லட்சம் அலகைத் தொட்டால் மாநில அரசும் ரயில்வேயும் செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்டத் தகுதி கிடைக்கும் என்ற வழக்கு நெடுங்காலமாக உண்டு. முந்நூறு பெண்கள் நாள்தோறும் இருமுறை கடக்கும் ஓர் இடம் இந்த அளவுகோலில் ஆளரவமற்ற பாலைவனம்.

அலகு என்பது மலைபோல மாறாததன்று. செம்மங்குப்பம் விபத்துக்குப் பின் சில நாட்களுக்குள், கேட்டைச் சிக்னலுடன் இணைப்பதற்கான வரம்பை 20,000 அலகிலிருந்து 10,000 அலகாகக் குறைப்பதாக ரயில்வே அறிவித்தது. நல்லது. மூன்று குழந்தைகள் இறந்தபின் ஓர் எண்ணைப் பாதியாக்க முடிகிறதென்றால், நடப்பவரையும் ஓர் அலகாகச் சேர்க்க எத்தனை பேர் தேவைப்படுவர் என்ற கேள்வியைக் கேட்காமல் இருக்க என்னால் இயலவில்லை.

பொறியாளரான என் நண்பர் ஒருவர் இதன் முற்பகுதியைப் படித்துவிட்டு மறுத்தார். மேம்பாலம் கட்டினால் இருபுறமும் நெடுந்தூரச் சரிவுப்பாதை வேண்டும், நிலம் வேண்டும். தலைச்சுமையோடு நடப்பவர் அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு ஏறமாட்டார். சுரங்கவழிதான் அவருக்கு அருகில் இருக்கும் என்றார். உண்மை. நான் மேம்பாலம் கேட்கவில்லை. சுரங்கவழி ஏன் நிரம்புகிறது என்பதை அவரே எனக்கு விளக்கினார். ரயில்பாதையின் மண்மேடு உயரமாக இருக்கும் இடத்தில் சுரங்கவழியின் தளம் தரைமட்டத்திலேயே அமையும். நீர் தானே வடியும். மேடு தாழ்வாக இருக்கும் இடத்தில் வாகனம் நுழையும் உயரத்தைப் பெறுவதற்காகத் தரையைத் தோண்டி இறங்கவேண்டும். அப்போது சுற்றுவட்டாரத்திலேயே தாழ்ந்த இடம் அதுவாகிவிடும். ஊர் மழையெல்லாம் அங்கே வந்து சேரும். வடிகால் எடுத்துச்செல்ல அதைவிடத் தாழ்ந்த இடம் அருகில் இராது. ஆகவே கிணறு தோண்டி, பம்பு வைத்து இறைக்கவேண்டும். பம்புக்கு மின்சாரம் வேண்டும், இயக்க ஆள் வேண்டும். மழைநாளில் ஊர் மின்சாரம் முதலில் போகும். பம்பு ரயில்வேயுடையதா, சாலைத்துறையுடையதா, ஊராட்சியுடையதா என்பது கடிதங்களில் ஓடிக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே 25,000 வோல்ட் தடையின்றி ஓடுகிறது. கீழே ஒரு பம்பு மின்சாரமில்லாமல் நிற்கிறது.

இதற்குத் தீர்வுகள் இல்லாமலில்லை. இறங்கும் சரிவுக்கு மேலே கூரை போட்டு மழைநீர் நேராக விழாமல் தடுக்கலாம். முகப்பில் சிறு மேடு அமைத்துச் சாலைநீர் உள்ளே வழிந்து வராமல் திருப்பலாம். நடப்பவருக்கு வாகனத்தளத்தைவிட உயரமான தனி நடைமேடை அமைக்கலாம். கூரையும் முகப்பு மேடும் சில இடங்களில் செய்தும் இருக்கிறார்கள். செய்த இடங்களில் பயன் தெரிகிறது. எனவே அறியாமை என்ற சாக்கு இல்லை. ஊருக்குப் போகும் மின்கேபிள் பாதைக்கு அடியில் செல்லும்போது நீர் புகாத குழாய்க்குள் செல்கிறது. அதே ஊருக்குப் போகும் மனிதர் செல்லும் குழாயில் நீர் புகலாமா என்பதே கேள்வி.

இது வடக்கே ஒரு மூலையின் சிக்கல் என்று எண்ணவேண்டாம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்தார். 2024 செப்டம்பரில் தலைநகரை ஒட்டிய ஃபரிதாபாத்தில் அவ்வாறே வங்கி ஊழியர்கள் இருவர் இறந்தனர். காரில் சென்றவர்கள் இறந்ததால் இவை செய்தியாயின; நமக்கும் தெரியவந்தன. இருவேளையும் நீரில் இறங்கமுடியாமல் தண்டவாளத்தின் மேலேறிச் செல்பவர் இறந்தால் அது எந்தத் தலைப்பில் வரும் என்பதை மேலே பார்த்தோம். சுரங்கப்பாதை நிரம்பியதற்கும் அவர் தண்டவாளத்தில் ஏறியதற்கும் உள்ள தொடர்பை எந்தப் படிவமும் கேட்பதில்லை. படிவத்தில் அப்படியொரு கட்டம் இல்லை.

இப்போது நம்மிடம் வருகிறேன். ஏனெனில் ரயில்வேயை வைவது எளிது. அவர்கள் இந்தப் பதிவைப் படிக்கப்போவதுமில்லை. நாம் செய்தது என்ன? பொறியியல் துறைகள் சரக்கு வழித்தடத்தின் வேகத்தையும் அச்சுச்சுமையையும் ஆராய்கின்றன. பொருளியல் துறைகள் சரக்குப் போக்குவரத்துச் செலவு எத்தனை சதவீதம் குறையும் என்று மாதிரி அமைக்கின்றன. சமூகவியலில் நிலம் கையகப்படுத்தல் பற்றி நல்ல ஆய்வுகள் உண்டு; ஆனால் நிலம் கைமாறியதும் ஆய்வு முடிந்துவிடுகிறது, பாதை ஓடத் தொடங்கியபின் அதன் குறுக்கே நடப்பவரை எவரும் தொடர்வதில்லை. எங்கள் மொழியியல் துறையோ, நான் உட்பட, அதே ஊருக்குச் சென்று, அதே மூதாட்டியிடம் வினைமுற்று விகுதிகளைக் கேட்டுப் பதிந்துகொண்டு திரும்பிவிடுகிறது. அவர் 'திருட்டுத்தனம்' என்று சொன்ன பதிவை, ஒலியனியல் குறிப்புக்காக நான் முதலில் கேட்டபோது, அச்சொல்லின் உயிரெழுத்து நீட்சியைத்தான் கவனித்தேன். எழுதவே கூசுகிறது. ஆனால் அந்த அரங்கத்தில் சிரித்தவர்களைக் குறைசொல்வதற்குமுன் இதைச் சொல்லிவிடவேண்டும்.

"நீங்கள் மொழியியல்காரர் அல்லவா" என்ற கேள்விக்கு ஆம் என்பதே என் விடை. 'வரையறுக்கப்பட்ட உயரம்', 'அத்துமீறல்', 'அலகு', 'ஒழிப்பு' ஆகிய நான்கு சொற்களும் வெறும் பெயர்களாக நின்றுவிடவில்லை. அவற்றை வைத்துத்தான் பணம் ஒதுக்கப்படுகிறது, இழப்பீடு மறுக்கப்படுகிறது, இறந்தவர் எந்தப் பட்டியலில் சேர்வார் என்று முடிவாகிறது. சொற்கள் எந்தத் துறைக்கு உரியவை என்றால் என் துறைக்கு.

கேட்கவேண்டியவை மூன்று. அலகின் வரையறையில் நடப்பவரைச் சேர்க்கவேண்டும். ஒவ்வொரு சுரங்கவழியும் ஆண்டில் எத்தனை நாள் பயன்பாட்டுக்கு உதவவில்லை என்பதை, ரயில்கள் எத்தனை நிமிடம் தாமதமாயின என்று வெளியிடுவதுபோலவே, வெளியிடவேண்டும். கேட்டை மூட மாவட்ட நிர்வாகத்தின் இசைவு கேட்கப்படுகிறது. கிராமசபையிடமும், மழைக்காலத்தில், கேட்கவேண்டும். கோடையில் கேட்டால் எல்லோரும் சரியென்றுதான் சொல்வார்கள்.

இவற்றைக் கேட்பதற்குத் தரவு வேண்டும். அது எவரிடமும் இல்லை என்பதைத்தான் அன்றைய சிரிப்பு எனக்குச் சொன்னது. ஜூன் முதல் செப்டம்பர் வரை களப்பணிக்குச் செல்லும் மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தத் துறையாயினும் சரி. நாட்டார் வழக்காறோ பயிரியலோ. உங்கள் ஊரின் ரயில்வே சுரங்கவழியைக் கடக்கும்போது ஐந்தே குறிப்புகள் எடுங்கள்: முகப்பில் எழுதியுள்ள உயரம், சுவரில் நீர்க்கறை நிற்கும் உயரம், எத்தனை நாளாக நீர் நிற்கிறது என்று அங்கிருப்பவர் சொல்வது, பம்பு இருக்கிறதா, அது ஓடுகிறதா. அரைமணி நேரம் அங்கே நிற்க முடிந்தால், நடந்து செல்பவர்களை எண்ணுங்கள். அந்த வழியை ஊரார் எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அது என் பேராசை.

குறிப்புகளை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பலாம். மாவட்டத்தின் பெயர் போதும். ஊர்ப்பெயரோ, வேலி திறந்திருக்கும் இடமோ, தண்டவாளத்தைக் கடப்பவர்களின் புகைப்படமோ வேண்டாம். 147ஆம் பிரிவு இன்னும் நடப்பில் இருக்கிறது. மழையும் இன்னும் சில வாரங்களுக்கு நிற்கப்போவதில்லை.